சம்பந்தியிடம் தோற்ற விளையாட்டு

என் மகளுக்கு அவள் மாமியாரைப் பிடிக்கும் என்பதில் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் இல்லை. குழித்துறையில் என் தையல் கடைக்கு வருகிறவர்கள், "நீ கொடுத்து வச்சவ" என்று சொல்லும்போது நானும் பல்லைக் காட்டிவைப்பேன். வயிறு எரிவது வெளியே தெரியவா போகிறது.

எனக்கும் மகளுக்கும் ஒரு விளையாட்டு உண்டு. ஒருத்தி இரண்டு எழுத்து சொல்வாள். அந்த எழுத்துகளில் தொடங்கும் சொற்களை இரண்டு பேரும் மாறி மாறிச் சொல்ல வேண்டும். ஆள் பெயரும் ஊர்ப் பெயரும் கூடாது. தன் முறை வரும்போது விழித்தால் தோல்வி. பள்ளிக்கூடம் விட்டு நேரே கடைக்கு வருவாள். நான் மெஷினை மிதித்துக்கொண்டே 'பன' என்பேன். அவள் ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டே பனங்கிழங்கு என்பாள். பனங்கற்கண்டு, பனங்குருத்து, பனம்பழம் என்று போய்க்கொண்டே இருக்கும். அவள் அப்பா ஒருநாளும் இதில் சேர்ந்ததில்லை. அவருக்குத் தலை வலிக்குமாம். சேராதது நல்லதுதான். அது எங்கள் இரண்டு பேருக்கும் மட்டுமானதாக இருந்தது.

அவளைக் கொட்டாரம் என்ற ஊரில் கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளை கல்யாண லீவு முடிந்து துபாய்க்குப் போய்விட்டார். வீட்டில் மாமியாரும் மருமகளும் மட்டும். என் சம்பந்திக்குக் கடைவீதியில் ஒரு ஃபேன்சி ஸ்டோர் இருக்கிறது. வளையலும் பொட்டும் விற்கிற நேரம் போக, வாரப் பத்திரிகையில் குறுக்கெழுத்துப் போடுகிறவள். நேரில் மரியாதையாக மைனி என்றுதான் கூப்பிடுவேன். மனசுக்குள் 'அவள்'தான்.

கல்யாணமான புதிதில் மகள் ஒரு சாயங்காலம் போனில் சிரித்தபடி சொன்னாள்.

"அம்மா, நானும் மாமியும் இண்ணைக்கு 'கட' வச்சு விளையாடினோம். மாமி கடவம்னு ஒரு சொல்லு சொன்னாவ கேட்டியா, நான் தோத்தாச்சு."

கடவம் பெரிய ஓலைப்பெட்டி. எங்கள் பக்கத்தில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். அந்தச் சொல்லை இவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான். அதை அவள் வாயால் கேட்டதும் புதிதாக இனிக்கிறதாக்கும்! எங்கள் விளையாட்டைக் கொண்டுபோய் அங்கே கொடுத்துவிட்டாளே என்று அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. நல்லதுதான் என்கிற மாதிரி "கொள்ளாம்" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தேன்.

அதன்பிறகு எங்கள் பேச்சு குறைந்தது. நான் போனில் இரண்டு எழுத்து சொன்னால், "பெறவு அம்மா, மாமி கடையடச்சு வந்தாச்சு" என்பாள். பின்னால் சம்பந்தி செருப்பைக் கழற்றும் சத்தம்கூடக் கேட்கும்.

மகள் உண்டானாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தானே. ஏழாம் மாதம் பலகாரம் கொண்டுபோய்க் கூட்டி வர வேண்டும். அவளுடைய பழைய அறைக்கு வெள்ளையடித்து, மெத்தை வாங்கிப் போட்டு, மார்த்தாண்டத்தில் டாக்டரையும் பார்த்துப் பேசிவைத்தேன். எத்தனை மாமியார் வந்தாலும் இந்த ஒரு விஷயத்தில் என் பக்கம்தான் ஞாயம் என்று நிம்மதியாக இருந்தேன். முந்திரிக்கொத்துக்கு மாவு இடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"அம்மா, நான் இங்கயே இருந்தா என்ன? மாமி தனியா இருப்பாவ."

உலக்கையைச் சாத்திவைத்தேன். நேரில் பேசிக்கொள்ளலாம் என்றேன்.

சொந்தக்காரப் பெண்களையும் கூட்டிக்கொண்டு வேன் பிடித்துப் போனோம். போனதும் மகளைத் தனியாக அழைத்துக் கெஞ்சினேன், அறையைப் பற்றிச் சொன்னேன், கடைசியில் கோபப்பட்டும் பார்த்தேன். "பாக்கலாம் அம்மா" என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. சாப்பாடு முடிந்ததும் மகளே உற்சாகமாக, "நீங்க ரெண்டு பேரும் விளையாடுங்க, நான் பாக்கணும்" என்று நடுவில் உட்கார்ந்துகொண்டாள். 'மர' என்று எழுத்தும் கொடுத்தாள்.

எனக்கு வெறி பிடித்தது. இன்றைக்கு ஜெயித்து இவளைக் கையோடு கூட்டிப் போகிறேன் என்று உட்கார்ந்தேன். மரச்சீனி என்றேன். அவள் மரக்கறி என்றாள். மரங்கொத்தி. மரகதம். மரநாய். மரப்பாச்சி. அவளை நேராகப் பார்த்து மரமண்டை என்றேன். வேனில் வந்திருந்த பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே மரக்கால் என்றாள். நான் மரவட்டை. அவள் கொஞ்சம் யோசித்து மரபு.

என் முறை. எனக்கு ஒரே ஒரு சொல்தான் மிச்சம் இருந்தது. மரணம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எதிரே என் மகள் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எங்கள் வீடுகளில் சூலிப் பெண்ணின் காதில் பக்கத்து வீட்டுச் சாவைக்கூடப் போட மாட்டோம். நல்ல காரியத்துக்குக் கூடியிருக்கும் இடத்தில் பெற்றவள் வாயால் அதைச் சொல்வதா?

"எனக்குத் தெரியல்ல" என்றேன்.

"மாமி ஜெயிச்சாச்சு!" என்று மகள் கைதட்டி அவள் தோளில் சாய்ந்தாள். என் தோள் இந்தப் பக்கம் சும்மாத்தான் இருந்தது.

பாத்திரத்தை எடுத்துவைக்கிற சாக்கில் அடுக்களைக்குப் போனேன். உனக்காகத்தானடி தோற்றேன் என்று மனசுக்குள் மகளோடு சண்டை போட்டேன். அது ஒன்றுதான் அன்றைக்கு எனக்கு இருந்த ஆறுதல். சம்பந்தி பின்னாலேயே வந்து தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"மைனி, உங்களுக்கு ஒரு சொல்லு பாக்கி இருந்துது, இல்லியா?"

நான் பாத்திரங்களை அடுக்கினேன்.

"எனக்கும் அது ஒண்ணுதான் மிச்சம். நீங்க வேற ஏதும் சொல்லியிருந்தா நானும் தெரியாதுன்னுதான் சொல்லியிருப்பேன். பிள்ளைக்க முன்னால அத எப்படிச் சொல்ல?"

அந்த ஒரு ஆறுதலிலும் அவள் பங்குக்கு வந்துவிட்டாள்.

கையைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்குப் போனவள், "மக்களே, எழும்பு. துணியெல்லாம் எடுத்து வை. அம்மைகூட போ" என்றாள்.

"மாமி, நீங்க தனியா…"

"நான் கடையில கிடப்பேன். இந்த நேரத்தில உனக்கு உனக்க அம்மைதான் வேணும். போ."

நான் கெஞ்சியும் கோபித்தும் அசையாதவள், அவள் சொன்னதும் எழுந்துபோய்ப் பெட்டியை எடுத்தாள். வேனில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வாசலில் நின்றவள் தலை மறைகிறவரைக்கும் பின்கண்ணாடி வழியாகவே பார்த்துக்கொண்டு வந்தாள். முன்சீட்டிலிருந்து என் வீட்டுக்காரர் திரும்பி, "மகள் வந்தாச்சில்லியா, இனியாவது சிரி" என்றார். வந்துவிட்டாள்தான். நான் கூப்பிட்டு வரவில்லை, அவள் அனுப்பி வந்தாள்.

தக்கலை தாண்டியபோது மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"அம்மா, மாமி ராத்திரிக்கு ஒழுங்கா சாப்பிடுவாவளா?"

"சாப்பிடுவாவ" என்றேன். மத்தியானம் இலையில் நான் சோற்றைத் தொட்டதோடு சரி என்பதை அவள் கவனித்திருக்கவே இல்லை.