தங்கையின் கணக்கில் அவன் எண்

டப்ளினில் பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் கதவைத் தட்டும் முன், ‘வரலாமா?’ என்று போனில் செய்தி அனுப்பிக் கேட்பார். நடுவே ஒற்றைச் சுவர்தான். வந்த புதிதில் இதைத் திமிர் என்று நினைத்தேன். இப்போது நானும் கேட்டுவிட்டுத்தான் போகிறேன்.

ஒரு நாள் காலை அலுவலகத்தில் நுழைந்ததுமே தங்கை ஸ்டெல்லா அழைத்தாள். அடிக்கிற கணவனை விட்டு விலகி, கல்வராயன் மலையில் ஒரு மாணவியர் விடுதியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். எந்த இடம் என்பது எனக்கும் அம்மாவுக்கும் மட்டுமே தெரியும். அன்றுதான் முதல்முறையாக விடுதி வாசலில் பிள்ளைகளைப் படம் எடுத்திருக்கிறாள். அதே படம் இப்போது கணவனிடமிருந்து வந்திருந்தது. கீழே, ‘வந்துகினு இருக்கேன்.’

“நான் யாருக்கும் அனுப்பலக்கா. எடுத்ததோட சரி. அவருக்கு எப்பிடி போச்சு?”

எனக்குப் புரிந்துவிட்டது. நிச்சயம் முடிந்த கையோடு கள்ளக்குறிச்சியில் அவன் வாங்கிக் கொடுத்த போன் அது. கடைக்காரர் கணக்கு தொடங்க நம்பர் கேட்டபோது அவன் தன்னுடையதைச் சொன்னான். பாஸ்வேர்டும் அவன் வைத்ததே. எத்தனை அக்கறை என்றாள் அம்மா. அன்றிலிருந்து ஸ்டெல்லா எடுத்த ஒவ்வொரு படமும், எடுத்த இடத்தோடு, கிளவுடில் ஏறி அவன் போனிலும் விரிந்திருக்கிறது.

பாஸ்வேர்டை மாற்றச் சொல்ல வாயெடுத்தேன். அலுவலகத்தில் தரவுப் பாதுகாப்பு வேலை பார்க்கும் தோழி நோராவிடம் விஷயத்தைச் சொன்னதும் தடுத்தாள். கணக்கு யாருடையது என்றாள். தங்கையுடையது என்றேன். பிறகு ஏன் வேறொருவர் எண்? கணவன் என்றேன். அப்படியானால் கூட்டுக் கணக்கா என்றாள். விளக்க நேரமில்லை. ஆனால் அடுத்து அவள் சொன்னதுதான் காப்பாற்றியது: மாற்றினால் ஓடிபி அவனுக்குத்தான் போகும், உஷாராகிவிடுவான், போனை அணைத்துவிட்டு முதலில் அவள் அங்கிருந்து கிளம்பட்டும்.

அப்படியே சொன்னேன். ஸ்டெல்லா போனை அணைத்துவிட்டு, விடுதி வார்டனோடு ஜீப்பில் மலை இறங்கினாள். வார்டனின் போனுக்கு நான் அழைத்துக்கொண்டே இருந்தேன். வளைவுகளில் லைன் அறுந்து அறுந்து போனது. ஒருமுறை கிடைத்தபோது, “எதிர்ல வர்ற பஸ்ல அவரு உக்காந்திருக்காருக்கா,” என்று கிசுகிசுத்தாள். அதோடு லைன் போய்விட்டது.

அவன் பார்க்கவில்லை. இருக்கைக்கு அடியில் குனிந்துகொண்டாளாம். கள்ளக்குறிச்சி மகளிர் காவல் நிலையத்திலிருந்து வார்டன் பேசிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அங்கே ஸ்டெல்லா தன் போனை மறுபடி ஆன் செய்து, அந்தச் செய்தியைக் காட்டிப் புகார் கொடுத்தாள். விடுதி வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தவனைப் போலீஸ் அழைத்துப் போனது.

பிறகு புது நம்பரில் அவளே புதுக் கணக்கு தொடங்கினாள். மறந்துபோனால் உதவுமே, பாஸ்வேர்டை என்னிடமும் சொல்லி வை என்றேன்.

“உனக்கும் வேணாங்க்கா. என்கிட்டயே இருக்கட்டும்.”

நோராவிடம் சொன்னபோது கைதட்டினாள். நானும் சிரித்தேன். மாலை பஸ்ஸில் திரும்பும்போது, கூடப் பிறந்தவள் சொன்னதைத் தமிழில் நினைத்துப் பார்த்தேன், வலித்தது. ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தேன், பெருமையாக இருந்தது. இறங்கும்வரை இரண்டையும் மாற்றி மாற்றி முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன்.