அக்னி மூலைப் பெட்டி

கந்தர்வக்கோட்டை கடைவீதியில் ராசு அண்ணனின் வைஃபை கடைக்கு வேலை கேட்டுப் போனபோது அவர் ஏணியைத் துடைத்துக்கொண்டிருந்தார். இங்கிலீஷ் வருமா என்று கேட்டார். வரும் என்றேன். வைஃபை பெட்டியோடு வந்த புத்தகத்தைப் பிரித்து, 'ரோமிங்' என்ற சொல்லில் விரலை வைத்தார்.

"ஊர் சுத்துறது," என்றேன்.

"புத்தகத்துல சுத்தும். நம்ம ஊரு போனு சுத்தாதும்மா. ஒரு பெட்டியப் பிடிச்சா விடாது. அதுனாலதான் நமக்குத் தொழிலு. நாளைக்கு வாங்க."

அவருக்கு நாற்பத்தாறு வயது. இருபது வருடம் கேபிள் டிவிக்கு வயர் இழுத்தவர். இப்போது பெரிய வீடுகளில் ஒரே பெயரில் மூன்று நான்கு வைஃபை பெட்டிகள் வைத்துத் தருகிறார். வயர் வருவது முதல் பெட்டிக்கு மட்டும். மற்றவை காற்று வழியாக ஒன்றிடம் ஒன்று வாங்கிக்கொள்ளும். எதில் சேர்வது என்பதைப் போன்தான் முடிவு செய்கிறது. அதன் முடிவைப் பற்றி அண்ணனுக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை.

"எது சத்தமாக் கூப்பிடுதோ அதுல ஏறிக்கும். அது கெளம்புற வண்டியான்னு கேக்காது," என்பார். பஸ் ஸ்டாண்டிலும் ஜனங்கள் அப்படித்தான் ஏறுகிறார்கள் என்பதால் போனை அவர் திட்டுவதில்லை.

வெளிநாட்டிலிருந்து திரும்பி வீடு கட்டிய ஆண்டியப்பன் அய்யாவுக்கு மூன்று பெட்டி வைத்தோம். கரண்டில் ஓடிச் சூடாகிற எதுவும் தென்கிழக்கில், அக்னி மூலையில்தான் இருக்க வேண்டும் என்றார். முதல் பெட்டி வாசல் பக்கம் இருப்பதை மட்டும் வயரின் குற்றமாகக் கருதிப் பொறுத்துக்கொண்டார். இரண்டாவது மாடிப்படியின் தென்கிழக்கு ஓரத்தில். மூன்றாவது வீட்டுக்கே அக்னி மூலையான சமையலறையில், ஃப்ரிட்ஜுக்குப் பின்னால்.

அவர் மருமகள் சொர்ணவல்லியின் அறை சமையலறையை ஒட்டியது. வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை ஒன்றுக்கு அவர் போனில் வீடியோ நேர்காணல் கொடுத்தபோது இரண்டு முறை படம் உறைந்தது. கண்ணை மூடிய நிலையில் உறைந்ததாம். மறுநாள் பதினொரு மணிக்கு இன்னொரு முறை பேசலாம், அதுதான் கடைசி என்று சொல்லிவிட்டார்கள்.

பத்து மணிக்கு நாங்கள் போனோம். போனில் சிக்னல் முழுதாக இருந்தது. இன்டர்நெட் மட்டும் வரவில்லை. சமையலறைப் பெட்டி சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது. ஆனால் அதற்கும் மற்ற பெட்டிகளுக்கும் நடுவில் ஃப்ரிட்ஜ் நின்றதால் அதற்கே இன்டர்நெட் வந்து சேரவில்லை. முன்ஹாலில் உட்காரச் சொன்னோம். கையோடு வந்த போன் அங்கேயும் சமையலறையையே பிடித்துக்கொண்டிருந்தது. தவிர, ஹாலில் ஆண்டியப்பன் அய்யா இருந்தார். எதிரில் அவர் உட்கார்ந்திருக்கும்போது தன் திறமைகளைச் சொல்ல வராது என்று சொர்ணவல்லி என் காதில் சொன்னார். அறைக்கே திரும்பினோம்.

அண்ணன் சமையலறைப் பெட்டியில் கை வைத்தார்.

"அங்கிட்டு இங்கிட்டு மாத்துற வேலை வேணாம் ராசு. எடம் பாத்து வச்சது," என்றார் அய்யா.

"மாத்தலைங்கய்யா. தூசி தொடைக்கிறேன்."

துடைத்துவிட்டு என்னைத் தனியே அழைத்துத் தன் போனைக் கொடுத்தார். பெட்டிகளின் அமைப்பு முழுவதும் அதில் இங்கிலீஷில் இருந்தது. மூன்றாவது பெட்டி எந்தப் போனையும் சேர்த்துக்கொள்ளாதபடி செய்யச் சொன்னார். விளக்கு மட்டும் எரிய வேண்டும். செய்தேன். பச்சை விளக்கு எரிந்தது. சொர்ணவல்லியின் போன் வேறு வழியில்லாமல் மாடிப்படிப் பெட்டியில் சேர்ந்தது. சிக்னல் பாதிதான். பதினொரு மணி நேர்காணலில் படம் ஒருமுறைகூட நிற்கவில்லை.

வேலை கிடைத்துவிட்டது.

மறுவாரம் அய்யா கடைக்குப் போன் செய்தார். எல்லாம் அக்னி மூலையின் பலன் என்றும், சம்பந்தி வீட்டிலும் அதே மூலையில் ஒன்று வைக்க வேண்டும், அவரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றும் சொன்னார். அண்ணன் போனை வைத்துவிட்டு, ஏற்கெனவே துடைத்திருந்த ஏணியை மறுபடி துடைத்தார்.

"அந்தப் பெட்டி எப்படி வேலை செய்யுதுன்னு சம்பந்தி கேப்பாரும்மா. நான் தமிழ்ல சொன்னா பொய்யாப் போயிரும். நீங்க இங்கிலீஷ்ல சொல்லிருங்க."