கம்பெனிக் கட்டில்

படுத்துக் கிடப்பவனை வேலையை விட்டு நீக்க முடியாது என்று நான் மனதார நம்பினேன். இப்போது சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்று அது எனக்குச் சட்டம் மாதிரி. எங்கள் தோணிக் கம்பெனியில் யாரை நீக்கினாலும் காலையில் பேர் கூப்பிடும்போதுதான் நீக்குவார்கள். கணக்கப்பிள்ளை கடற்கரையில் நின்றுகொண்டு ஒருவனை முன்னால் வரச் சொல்வார். "நாளைக்கு வரவேண்டாம்" என்பார். அவன் திரும்பி நடப்பான். ஆக, வேலை போவதற்கு நடக்கிற கால் இரண்டு வேண்டும் என்பது என் கண்டுபிடிப்பு. என்னிடம் அப்போது ஒன்றுதான் இருந்தது.

யுத்தம் முடிந்து கப்பல்கள் மறுபடி வரத் தொடங்கியிருந்த காலம். தூத்துக்குடியில் பெரிய கப்பல் கரையை ஒட்டி வராது. ஆழம் போதாமல் தூரத்திலேயே நங்கூரம் போட்டு நிற்கும். பஞ்சுப் பொதிகளைத் தோணியில் ஏற்றி அதன் பக்கத்தில் கொண்டுபோய்க் கொடுப்பது எங்கள் வேலை. ஒருநாள் கப்பலுக்கு ஏறிக்கொண்டிருந்த பொதி ஒன்று பாதி வழியில் மனம் மாறிக் கீழே வந்தது. மற்றவர்கள் விலகினார்கள். நான் அண்ணாந்து வேடிக்கை பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாயிற்று.

ஆஸ்பத்திரியில் எங்கள் கம்பெனிக்கென்று இரண்டு கட்டில்கள் உண்டு. சும்மா வந்தவை அல்ல. முன்னொருதரம் நாங்கள் எல்லோரும் வேலைக்குப் போகாமல் உட்கார்ந்து போராடி வாங்கியவை. மாதா மாதம் எங்கள் கூலியில் கொஞ்சம் பிடிப்பார்கள், கம்பெனியும் தன் பங்கைப் போடும், நோவு வந்தவனுக்குக் கட்டில், மருந்து, கஞ்சி எல்லாம் அதிலிருந்து. டாக்டர் மாவுக்கட்டுப் போட்டுவிட்டு, "எலும்பு சேருகிறவரை அசையக் கூடாது. கோணலாகச் சேர்ந்துவிட்டால் ஆடுகிற தோணியில் உன்னால் நிற்க முடியாது" என்றார். என் வீடு பெரியதாழையில். மணல் வழியில் மாட்டு வண்டி குலுக்குகிற குலுக்கில் ஒடியாத காலே ஒடியும். ஆகவே அசையாமல் கிடந்தேன்.

ஒரு மாலை கணக்கப்பிள்ளை வந்தார். நலம் விசாரிக்க வந்திருக்கிறார் என்று நினைத்துக் கை கூப்பினேன்.

"எப்படிலே இருக்கு?"

"பரவாயில்ல அண்ணாச்சி. உக்காருங்க."

"உக்கார நேரமில்ல. நீ ரொம்ப நாளா வேலைக்கு வரல. பேர எடுத்தாச்சு."

"நான் இங்கன கெடக்கேன்லா அண்ணாச்சி. உங்க கட்டில்லதான்."

"அதத்தான் சொல்ல வந்தேன். கட்டில் வேலையாளுக்கு. நீ இப்ப வேலையாள் இல்ல. காலையில வண்டி வரும்."

கால் ஒடிந்ததால் கட்டில். கட்டிலில் கிடந்ததால் வேலைக்குப் போகவில்லை. போகாததால் பேர் இல்லை. பேர் இல்லாததால் கட்டில் இல்லை. இதை அவர் சிரிக்காமல் சொல்லிவிட்டுப் போனார். என் சட்டம் போயிற்று. காலரா என்று புளுகலாமா என்று யோசித்தேன். உடனே கொண்டுபோய்த் தனியே போட்டுவிடுவார்களே என்று அதையும் விட்டேன். அப்போது மனைவி மீன் குழம்போடு வந்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே தங்கி எனக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒரு கயிறு கொண்டா" என்றேன்.

"தூக்குப் போடவா? அதுக்கும் எந்திச்சு நிக்கணுமே."

விஷயத்தைச் சொன்னதும் அவள் சிரிப்பு நின்றது. போய்த் தோணிக்காரர்களிடம் விஷயத்தைச் சொல்லிக் கயிறு வாங்கிவந்தாள். என் இடுப்பைக் கட்டிலின் இரும்புச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டினேன். பொதி உருளாமல் இருக்க நாங்கள் போடுகிற முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும். அதன் அருமை கொஞ்ச நேரத்தில் வயிறு கலக்கியபோது தெரிந்தது. போட்டவனாலேயே அவிழ்க்க முடியவில்லை. அதற்குப் பின் நடந்ததை எழுதினால் நீங்கள் சோறு உண்ண மாட்டீர்கள்.

காலையில் கணக்கப்பிள்ளை இரண்டு ஆட்களோடு வந்தார். கயிற்றைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"கட்டிலோட தூக்குங்கலே."

தூக்கினார்கள். வாசலில் கட்டில் மாட்டிக்கொண்டது. மாவுக்கட்டு வராந்தாவில், தலை அறைக்குள். அந்த நிலையில் என் வாயிலிருந்து வந்த வீர வசனம் இது: "வண்டி மெல்லப் போகுமா அண்ணாச்சி?"

மனைவி என்னைப் பார்த்த பார்வைக்குப் பஞ்சுப் பொதியே தேவலை. அவள் வராந்தாப் பக்கம் வந்து கட்டிலை மறித்து நின்றாள்.

"கூலியில பிடிக்கும்போது இவரு நிக்காரா கெடக்காரான்னு கேட்டியளா?" என்றாள். "ஒடிஞ்ச அன்னைக்கு உங்க ஆளு. அன்னைக்கு ஒடிஞ்ச காலு இன்னைக்கு எப்படி வேத்தாளு காலாச்சு?"

"பொம்பளகிட்ட எனக்கு என்ன பேச்சு."

"பேசாண்டாம். கட்டில கீழ வையுங்க."

தூக்கிய ஆட்கள் கை வலித்தோ என்னவோ வைத்துவிட்டார்கள். அப்போதுதான் எங்கள் தண்டல் வந்தார். தோணிக்குத் தலைவர் அவர்தான். பின்னால் எங்கள் தோணிக்காரர்கள் அத்தனை பேரும் நின்றார்கள்.

"இங்க என்னலே வேல?" என்றார் கணக்கப்பிள்ளை. "அங்க கப்பல் காத்துக் கெடக்கு."

"பேரு கூப்பிட நீங்க வரல. அதான் நாங்க வந்தோம்" என்றார் தண்டல். "பாதிக் கடல்ல சரக்கத் தள்ளிவிட்டுட்டு வந்தா எங்களச் சும்மா விடுவியளா? ஏத்துனா கொண்டுபோய்ச் சேக்கணும். இவன இந்தக் கட்டில்ல ஏத்துனது நீங்க."

"பேரு இல்லாதவனுக்கு..."

"அப்ப பேர் இருக்கட்டும். தெனமும் காலையில மொதல்ல இவன் பேரக் கூப்பிடுங்க. ஆஸ்பத்திரியில இருக்கான்னு நாங்க பதில் சொல்லுதோம். கூப்பிடலைன்னா ஒருத்தன் பேருக்கும் பதில் வராது."

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இத்தனை பேர் கூலியும் என் காலில் வந்து விழுந்த மாதிரி இருந்தது. "எனக்காக வேண்டாம் அண்ணாச்சி" என்றேன்.

தண்டல் திரும்பினார். "ஒனக்காக யாருலே வந்தா? நாளைக்கு என் காலு ஒடியும்லா."

கணக்கப்பிள்ளை வண்டியோடு போய்விட்டார். மனைவி மீன் அறுக்கிற கத்தியால் கயிற்றை அறுத்தாள். கயிறு அறுந்த பிறகுதான் எனக்கு வீரம் வந்தது. டாக்டர் சொன்னால்தான் எழுந்திருப்பேன், கம்பெனி முதலாளி வெள்ளைக்காரத் துரையே வந்தாலும் சரி என்று முழங்கினேன். கேட்க ஆள் இல்லை. அவள் சட்டி கழுவப் போயிருந்தாள்.

அன்று எங்கள் தோணி கரையை விட்டு அசையவில்லை. மறுநாள் மற்றத் தோணிகளும் நின்றன. தூரத்தில் கப்பல் ஊதிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு ஊதலுக்கும் எத்தனை பேர் கூலி போயிற்று என்று கணக்குப் போட்டேன்; ஆனாலும் கட்டிலை விடவில்லை.

அதற்கடுத்த காலையில் கணக்கப்பிள்ளை முதலில் என் பேரைக் கூப்பிட்டார். தோணிகள் போயின. மாவுக்கட்டுப் பிரிக்கும்வரை கம்பெனிக் கட்டிலில்தான் கிடந்தேன். செலவு எங்கள் பணமும் கம்பெனிப் பணமும் சேர்ந்த அந்த நிதியிலிருந்தே போனது. கிடந்த நாட்களுக்குக் கூலியும் கேட்டோம். அது கிடைக்கவில்லை. எலும்பு நேராகச் சேர்ந்தது. நான் தோணிக்குத் திரும்பினேன்.