கம்பிவலைக்கு வெளியே மூன்று சேலை

என் வீட்டுக்காரர் விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்குச் சுவரெழுத்து எழுதியவர். கூலித் தகராறில் மிராசுதார் போட்ட வழக்கில் உள்ளே போனவர் வெளியே வருவதற்குள் ஆட்சியே மாறிவிட்டது. வந்ததும் வராததுமாக உரச்சாக்குகளைப் பிரித்துத் தைத்து, சுவருக்கு வாங்கிய பெயிண்டில் ஜெயிலை வரைய உட்கார்ந்துவிட்டார்.

"வாய்க்கால்ல தண்ணி வந்தாச்சு, ஊரே நடவுக்குப் போவுது, மனுசனுக்குப் படம் கேக்குதாக்கும்!" என்று கத்துவேன். காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார். ஆனால் அந்தக் கை இருக்கிறதே! சோற்றுக்கு வரிசையில் நிற்கிறவர்களின் முதுகை மட்டும்தான் வரைந்திருந்தார். யாருக்குப் பசி, யாருக்குக் காய்ச்சல் என்று அதிலேயே தெரிந்தது.

படங்களைச் சங்கக் கொட்டகையில் தொங்கவிட்டார்கள். கடைசி மூன்றில் நான். கைதிகளைப் பார்க்கும் கம்பிவலைக்கு வெளியே, ஒவ்வொன்றிலும் வேறு வேறு சேலையில்.

அதில் ஒன்றுகூட என் சேலை இல்லை. 'சங்கத்தை விட்டுவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் வழக்கை வாபஸ் வாங்குகிறேன்' என்று மிராசுதார் அவரிடம் ஆள் அனுப்பிக்கொண்டிருந்த நேரம். கிழிசலோடு போய் நின்றால் மனசு இளகிக் கையெழுத்துப் போட்டுவிடுவாரோ என்று பயம். தெருவில் இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டு போய், "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வருவேன். வீட்டில் கஞ்சிக்கு வழியில்லை. அது அவருக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

"அடியே, இது நான் நாகூர் கந்தூரித் திருவிழாவுல வாங்குன சேலையாச்சே!" என்று பக்கத்து வீட்டுக்காரி கூவினாள்.

"நடுவுல உள்ளது எங்க மதினியோடது" என்றாள் இன்னொருத்தி. கொட்டகையே சிரித்தது. எனக்கு மானமே போயிற்று.

அவர் பக்கத்தில் வந்து நின்றார். "தெரிஞ்சுபோச்சா உங்களுக்கு?" என்றேன்.

"அன்னைக்கே தெரியும். சேலை மாறிச்சு, ரவிக்கை மாறலையே."

பார்த்தேன். மூன்று படத்திலும் அதே ரவிக்கை, தோளில் நான் போட்ட ஒட்டுத் தையலோடு.

"மொத தடவை நீ வந்துட்டுப் போனதுமே எழுதிக் குடுத்துடலாம்னு பேனாவைக் கையில வாங்கிட்டேன்" என்றார்.

"அப்புறம் ஏன் கையெழுத்துப் போடல?"

"நான் போடக்கூடாதுன்னுதானே நீ இரவல் வாங்கிக் கட்டிக்கிட்டு வந்து நின்னே?"

அத்தனை பேர் முன்னால் அழுதுவிட்டேன். "வாங்க, வீட்டுக்குப் போவோம்" என்று அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவோடு நடந்தேன். கல்யாணத்தன்றைக்குப் பிறகு ஊர் பார்க்க அவர் கையைப் பிடித்தது அன்றைக்குத்தான்.