குளிரில் மூடாத கதவுகள்

எங்கள் ஊர் கிரேனோ. அதன் துறைமுகத்துக்குத் தெற்கே எங்கள் குளிர்காலக் குளியல் சங்கத்துக்கு ஒரு மரப்பாலம் உண்டு. அதன் நுனியில் சவுனா என்ற வெப்ப அறை. உள்ளே வியர்க்க வியர்க்க உட்கார்ந்துவிட்டு, வெளியே ஓடிவந்து கடலில் முங்கி எழுவோம். நகரப் பேருந்து ஓட்டும் என் தோழி பென்டே அந்த ஜனவரியில்தான் முதன்முறையாக வந்தாள். நான் நச்சரித்த நச்சரிப்பு அப்படி.

“கடல்ல வெந்நி கலந்து வச்சிருக்கீங்களா?” என்று ஏணியில் நின்று கேட்டாள்.

“எறங்குடி! ஒரு தடவையாச்சும் செத்துப் பொழைக்க வேணாமா?” என்றேன்.

இறங்கினாள். இரண்டு வீச்சு நீந்தினாள். பிறகு அவள் கைகள் மார்போடு மடங்கி அப்படியே நின்றுவிட்டன. கூச்சல் இல்லை, தத்தளிப்பு இல்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, கட்டை போல மெல்லக் கவிழ்ந்தாள். விளையாடுகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். தலை மேலே வராதபோது அவள் பேரைச் சொல்லிக் கத்தினேன். குதித்தேன். பிடித்த கை மனிதக் கையாகவே இல்லை, இரும்புக் குழாய் மாதிரி இருந்தது. பாலத்தில் நின்ற இருவரும் நானும் சேர்ந்து அவளை மேலே இழுத்துப் போட்டோம். மூச்சு இருந்தது. ஆனால் தாடை திறக்கவில்லை, இமை பிரியவில்லை.

சவுனாவின் சூட்டில்தான் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. தாடை பிரிந்ததும் முதலில் இதைத்தான் சொன்னாள்:

“எனக்கு எல்லாம் கேட்டுச்சு, லோனே. நீ என் பேரைச் சொல்லிக் கத்துனது, தண்ணி காதுக்குள்ள போறது, எல்லாம். கையை ஆட்டுன்னு சொல்றேன், கை கேக்கவே இல்லடி.”

ஓர்ஹூஸ் நகர ஆஸ்பத்திரியில் மருத்துவர் ரவ்ன் என்ற பெண்மணி அவளைப் பார்த்தார். பனிக்கட்டி போட்ட தண்ணீரில் கையை வைக்கச் சொன்னார். பிறகு விரல்களை மடக்கி, விரிக்கச் சொன்னார். மடங்கிய விரல் விரியவில்லை. அடுத்து தசைக்குள் மெல்லிய ஊசியைச் செருகி, ஒரு கருவியோடு இணைத்தார். கருவியிலிருந்து, விமானம் தலைகுப்புற விழுவது போல ஓர் இரைச்சல் வந்தது. பென்டே என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“அது என்ன சத்தம்?”

“உங்க தசைதான். அதோட மின்துடிப்பு அடங்க மாட்டேங்குது,” என்றார் மருத்துவர். “ஒவ்வொரு செல்லையும் சுத்தி ஒரு சவ்வு இருக்கு. கொழுப்பாலான ரெண்டே அடுக்கு. ஒரு தலைமுடியை நெடுக்க பத்தாயிரம் தகடா சீவுனா ஒரு தகடு என்ன கனமோ, அவ்வளவுதான். உப்பு அதைத் தாண்டிப் போக முடியாது. அதுக்காகவே சவ்வுல புரதத்தாலான சின்னக் கதவுங்க இருக்கு. தசையை அசைக்கணும்னா சோடியம் கதவு தொறக்கும், உப்புல இருக்குற சோடியம் உள்ள பாயும், கண் சிமிட்டுறதுக்குள்ள மூடிக்கும். மூடுனாத்தான் தசை தளரும். உங்க கதவு பொறவியிலேயே கொஞ்சம் பழுது. குளிர் பட்டா ஒழுங்கா மூடமாட்டேங்குது. தசை வெறைச்சுக்கும், அப்புறம் சுத்தமா ஓஞ்சுடும். வெயில் காலத்துல ஒண்ணும் தெரியாது.”

பிறகு கேட்டார்: “குளிர்ல முகம் இறுகிக்குமா? நாக்கு தடிக்குமா?”

“ஆமா. ஐஸ்கிரீம் தின்னா பேச்சு கொழறும். எல்லாருக்கும் அப்படித்தானே?”

மருத்துவர் என்னைப் பார்த்தார். நான் பென்டேயைப் பார்த்தேன்.

“எனக்கு அப்படி இல்லடி,” என்றேன்.

ஐம்பது வயதுப் பெண்ணொருத்தி, தன் உடம்பு ஊரார் உடம்பு மாதிரி இல்லை என்பதை அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டாள். ஆனால் அது பெரிய அடி இல்லை. பெரிய அடி அடுத்த கேள்வியில் வந்தது.

“அப்பா, அம்மா யாருக்காவது இப்படி இருந்துச்சா?”

“அம்மா மீன் கிடங்குல வெறுங்கையால ஐஸ் அள்ளுனவ,” என்று சொல்லிக்கொண்டே வந்த பென்டே பாதியில் நிறுத்தினாள். “அய்யோ,” என்றாள். “அய்யோ, எங்கப்பா குடிக்கலையா?”

அவள் அப்பா ஸ்வென் மீன் புகையூட்டும் கூடத்தில் அடுப்பருகே வேலை செய்தவர். குளிர்காலத் தெருவில் அவர் நாக்குழறிப் பேசுவார், கால் பின்னி நடப்பார். ஊரே ‘மொடாக்குடியன்’ என்றது. பென்டேக்குப் பன்னிரண்டு வயதானபோது, நவம்பர் மாதத்தில், துறைமுகச் சுவரிலிருந்து கடலில் வழுக்கி விழுந்து மூழ்கிப்போனார். நல்ல நீச்சல்காரர். பார்த்தவர்கள் சொன்னது இவ்வளவுதான்: ‘கையைக்கூட அசைக்கல. அவ்வளவு போதை.’

“பார்க்காத ஆளைப் பத்தி நான் உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா உங்ககூடப் பொறந்தவங்களுக்கும் இது இருந்தா, பெத்தவங்ககிட்ட இருந்து வந்ததுன்னு எடுத்துக்கலாம்,” என்றார் மருத்துவர்.

பென்டேயின் அண்ணன் பெயர் வான். வீபோர் என்ற ஊரில் தச்சர். பதினேழு வயதில் ஊரை விட்டுப் போனவர். வீட்டில் ஒரு புட்டி பியர்கூட வைக்கமாட்டார். எங்கள் ஊரில் கல்லறை இடம் குத்தகைக்குத்தான் கிடைக்கும். அப்பாவின் இடத்துக்குத் தவணை முடிந்தபோது, “குடிகாரனுக்கு எதுக்குக் கல்லு?” என்று புதுப்பிக்கவிடாமல் தடுத்தவரும் அவரே. கல்லை எடுத்துவிட்டுப் புல் போட்டுவிட்டார்கள்.

நானும் பென்டேயும் அவர் வீட்டுக்குப் போனோம். காபி ஊற்றினார். பென்டே நடந்ததைச் சொல்லி முடித்தாள்.

“கதவாம், சவ்வாம்! அந்த ஆளுக்கு வக்காலத்து வாங்க இப்ப டாக்டர் வேற வந்தாச்சா?” என்றார்.

“ஒரு தடவை பனியில கையை வச்சுக் காட்டுண்ணே. அது போதும்.”

தோட்டத்துப் பனியில் வெறுங்கையைப் புதைத்தார். எடுத்து மடக்கினார். விரிக்கப் பார்த்தார். மறுபடி பார்த்தார். இன்னொரு கையால் ஒவ்வொரு விரலாகப் பிரிக்க முயன்றார்.

“இது தச்சுவேலை செஞ்சு காய்ச்சுப்போன கைடி,” என்றார். குரலில் நம்பிக்கை இல்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டார். “அப்போ அவரு… முழிச்சிக்கிட்டே முங்குனாரா?”

பென்டே அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். அவளுக்குத்தான் அது தெரியுமே.

ரத்தப் பரிசோதனையில் அண்ணனுக்கும் அதே பழுது என்று தெரிந்தது. வாரக்கணக்கில் அவர் தங்கையின் தொலைபேசியை எடுக்கவில்லை. பிறகு ஒருநாள் தானே கிரேனோவுக்கு வந்து, என்னையும் கூட்டிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனார். அப்பாவின் இடம் எது என்று பராமரிப்பவருக்கே சரியாகத் தெரியவில்லை. வேலியோரப் புல்லில் இங்குமங்கும் நடந்துவிட்டு, “எங்கன்னு நிக்கிறது?” என்று என்னைக் கேட்டார்.

பென்டே இப்போது மாத்திரை சாப்பிடுகிறாள். அந்தக் கதவுகள் வழியாக உப்பு மிதமிஞ்சிப் பாயாமல் தடுக்கிற மாத்திரை. பேருந்தும் ஓட்டுகிறாள். வானின் மகள், கடலில் காற்றாலை நிறுவும் கப்பலில் சேர இருந்தவள், அவளும் பரிசோதனை செய்துகொண்டாள். அவளுக்கும் இருந்தது. இரண்டு நாள் அழுதாள். பிறகு கரையிலேயே, காற்றாலைக் கட்டுப்பாட்டு அறையில் வேலை கேட்டு வாங்கிக்கொண்டாள்.