மீசை வாடகைக்கு இல்லை

எங்கள் தெருவில் என் நாத்தனாரின் பெயரைச் சொல்லி வழி கேட்டால் தலையைச் சொறிவார்கள். “வேஷம் வீடு எது?” என்று கேட்டால் இடுப்பில் இருக்கிற குழந்தைகூட விரலை நீட்டும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மாறுவேட உடுப்பு தைத்து வாடகைக்கு விடுகிறவர் அவர். அதனால் பெரியவர்களுக்கு அவர் வேஷம், பிள்ளைகளுக்கு வேஷம் அத்தை. முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள். டாக்டரை டாக்டர் என்று கூப்பிடுவதில்லையா, அதுபோலத்தான் என்பார்.

என் வீட்டுக்காரருக்கு அக்கா. கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டவர். “எவனாவது வந்து என் தையல் மிஷின் மேல அழுக்குச் சட்டையைக் கழட்டிப் போடுவான், அதை நான் எடுத்து வைக்கணுமா?” என்று கேட்டால் யார் என்ன பதில் சொல்ல முடியும்? நான் இந்த வீட்டுக்கு வாழ வந்தபோது கீழே முன்னறை முழுக்கக் கம்பி கட்டி ராஜா, போலீஸ், தேவதை, தக்காளி என்று வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார். வந்த அன்று பட்டப்பகலில் புலியின் மேல் மோதி நான் போட்ட கூச்சலை இன்றைக்கும் எதிர்வீட்டுக்காரர்கள் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

தைப்பது அவர், துவைப்பது நான். வாடகைக்குப் போய்விட்டு வருகிற உடுப்பில் என்னென்ன ஒட்டியிருக்கும் என்று சொன்னால் உங்களுக்குச் சோறு இறங்காது. புலியின் வாலை மட்டும் சொல்கிறேன். புலி வேஷம் போடுகிற பிள்ளைகள் ஒன்று பாக்கியில்லாமல் அந்த வாலை வாயில் வைத்துச் சப்புகின்றன. ஏன் என்று எந்தத் தாயும் எனக்கு விளக்கியதில்லை.

நாத்தனாரிடம் உடுப்பு எடுத்தால் அதோடு நடையும் வசனமும் இலவசம். பிள்ளையை முக்காலியில் ஏற்றி, வாயில் குண்டூசிகளைக் கடித்துக்கொண்டு இங்கே ஒரு மடிப்பு, அங்கே ஒரு முடிச்சு என்று போட்டுவிட்டு, பிறகு தானே நடந்து காட்டுவார். கனத்த உடம்பு, இரண்டு முட்டியிலும் வலி, கழுத்தில் அளவு டேப், ஒரு பக்கம் கம்பி போய் நூலால் கட்டிய கண்ணாடி. அப்படியே அவர் தேவதை மாதிரி மிதந்து காட்டும்போது சிரிக்காமல் நிற்பதற்கு எனக்குத் தனியாகப் பயிற்சி தேவைப்பட்டது.

அவருக்கு ஒரே ஒரு சட்டம்தான். “மேடையில வந்து நின்ன உடனே கடைசி வரிசைக்காரனுக்கும் நீ யாருன்னு தெரிஞ்சிடணும். அதுக்கு என்ன பண்ணணும்? உள்ளதைவிட ஒரு படி கூட்டணும்!” அதனால்தான் எங்கள் வீட்டுப் போலீஸுக்குத் தொப்பையில் இரண்டு தலையணை. டாக்டர் கையில் முழங்கை நீளத்துக்கு ஊசி. ராஜாவின் மீசை காதுவரை போய்த் திரும்பி வரும்.

அந்தக் கூட்டத்திலேயே ராசியான உடுப்பு காட்டுவாசி. இலைப் பாவாடை, பிளாஸ்டிக் எலும்பு மாலை, தலைக்குச் சேவல் இறகு, கூடவே ஒரு டப்பாக் கரி. முகத்திலும் கைகாலிலும் கரியை அப்பிக்கொண்டு, குனிந்து, கைகளைத் தொங்கவிட்டு நடக்க வேண்டும். வசனம்: “ஹூ! ஹூ! நான் காட்டுவாசி! பச்சைக் கறி தின்னுவேன்! உன்னையும் தின்னுவேன்!” போன இடமெல்லாம் பரிசு. துவைக்கிறவள் என்ற முறையில் எனக்கு மட்டும் அது ஜென்ம விரோதி.

எங்கள் மாடியில் ஒரு நர்ஸம்மா குடியிருக்கிறார். ஆஸ்பத்திரி வேலைக்காக மலைப் பக்கத்திலிருந்து வந்தவர். ஒரே பெண். அவளும் என் மகளும் ஒரே வகுப்பு, நகமும் சதையும். வாராவாரம் நர்ஸம்மா கீழே வந்து நாத்தனாருக்கு முட்டிவலி ஊசி போடுவார். அந்த வாயை அடைக்க உலகத்தில் அந்த ஊசியால் மட்டும்தான் முடியும். ஊசி முடிந்ததும் டீ. மலையில் மூடுபனி எப்படிக் கதவு தட்டாமல் வீட்டுக்குள்ளே வந்துவிடும், தன் சனங்கள் எப்படி மழையைப் பார்த்தே நாளைக்கு வெயில் வருமா என்று சொல்வார்கள் என்றெல்லாம் நர்ஸம்மா சொல்ல, நாத்தனார் வாய் பிளந்து கேட்பார். அப்படிக் கேட்கும்போது அவர் தலைக்கு மேலே கம்பியில் காட்டுவாசி தொங்கிக்கொண்டிருக்கும்.

நர்ஸம்மாவின் மலையையும் அந்த உடுப்பின் காட்டையும் எங்கள் வீட்டில் யாரும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்ததே இல்லை. நாத்தனாரைப் பொறுத்தவரை காட்டுவாசி என்பது தேவதை மாதிரி, எங்கேயும் இல்லாத ஒன்று. இல்லாததற்கு எப்படி வலிக்கும்?

போன வருஷம் பள்ளிக்கூடத்து மாறுவேடப் போட்டிக்கு அந்த உடுப்பு என் மகளுக்கு என்று முடிவானது. ஒரு சாயங்காலம் அவள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். நர்ஸம்மாவின் மகள் முக்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். என் மகளுக்குத் திடீரென்று தாராள மனசு வந்துவிட்டது.

“நீயே இதைப் போட்டுக்கிறியா? உனக்குக் கரிகூட வேணாம். சும்மா ஹூஹூன்னு கத்தினாலே போதும்.”

மிட்டாயில் பாதியைக் கடித்துக் கொடுக்கிற மாதிரிதான் சொன்னாள். அந்தப் பெண் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு முக்காலியிலிருந்து இறங்கி மாடிக்குப் போனாள். என் மகள் அதே யோசனையை மறுநாள் வகுப்பிலும் சொல்லிவைத்தாள். அப்புறம் கேட்க வேண்டுமா? வகுப்பில் அந்தப் பெண்ணுக்கு ‘ஹூஹூ’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவள் கீழே வருவது நின்றது. “நான் நல்லதுதானேம்மா சொன்னேன்?” என்று என் மகள் அழுதாள்.

அந்த வாரம் ஊசி போட வந்த நர்ஸம்மா முதலில் ஊசியை ஒழுங்காகப் போட்டார். பஞ்சை வைத்துத் தேய்த்துவிட்டு, பிறகுதான் பேசினார்.

“அக்கா, அந்தக் காட்டுவாசி உடுப்பை இனிமே யாருக்கும் குடுக்காதீங்க.”

“ஏன் நர்ஸம்மா? குழந்தைங்க விளையாட்டு. கரிதானே, கழுவினா போயிடும்.”

“உங்க வீட்டுப் பொண்ணு மூஞ்சியிலேருந்து போயிடும்க்கா. எம் பொண்ணு மேல ஒட்டினது போகலையே. எல்லாரும் ஹூஹூன்னு கூப்பிடுறாங்க. ஸ்கூலுக்கே போக மாட்டேங்கிறா.”

அங்கேயே நிறுத்தியிருந்தால் நாத்தனார் நாத்தனாராக இருக்க முடியுமா? வரிந்து கட்டிக்கொண்டு எழுந்தார். “அப்படின்னா போலீஸ்காரர் வந்து எனக்குத் தொப்பை இல்லேன்னு சண்டை போடட்டும். டாக்டர் வரட்டும். நாளைக்குப் புலியும் வந்து கேக்கும், நான் எப்ப ரெண்டு கால்ல நடந்தேன்னு!”

“போலீஸ் வேஷத்தைப் பாத்துட்டு யாரும் போலீஸ்காரர் பொண்ணைக் கேலி பண்ணலையேக்கா,” என்றார் நர்ஸம்மா. குரலை உயர்த்தவே இல்லை. பையை மூடிக்கொண்டு, “அடுத்த வாரம் வரேன். முட்டியை மடக்கி உக்காராதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாத்தனாருக்கு வீம்பு. என் மகள் அந்த உடுப்பைத் தொடவே மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றதால் அவளுக்குத் தக்காளியை மாட்டிவிட்டார். காட்டுவாசியை வேண்டுமென்றே மருந்துக்கடைக்காரர் மகனுக்குக் கொடுத்தார். “தைச்சவ நான், யாருக்குக் குடுக்கணும்னு எனக்குத் தெரியும்” என்று மிஷினைப் பார்த்துச் சொன்னார். மிஷின் எதிர்த்துப் பேசவில்லை. நான் பேசினேன். கொஞ்சம் பலமாகவே பேசினேன். அன்றைக்கு எங்கள் இருவருக்கும் நடுவே உப்பு டப்பாவைக்கூட அவர் தம்பிதான் எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது.

இதற்கு நடுவில் ஒருநாள் நர்ஸம்மாவின் மகள் தனியாகக் கீழே இறங்கி வந்தாள். நாத்தனாரின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே!

“அத்தை, உங்க பழைய டேப் ஒண்ணு தர்றீங்களா?”

“எடுத்துக்கோடி! என்ன வேஷம்?”

“டெய்லர்.”

“அட, நல்ல வேஷம்! மேடையில எப்படி நிக்கணும், தெரியுமில்ல? உள்ளதைவிட ஒரு படி கூட்டணும்!” என்று நாத்தனார் உற்சாகமாகச் சட்டத்தைச் சொல்லிக் கொடுத்தார். அந்தப் பெண் ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையை ஆட்டிக்கொண்டாள்.

போட்டியன்று காலை நாத்தனார் வழக்கம்போல முதல் வரிசையில் உட்கார்ந்தார். மேடைக்கு வருவதில் பாதி அவருடைய கைவேலை என்பதால் அந்த நாற்காலி அவருடையது. தக்காளி வந்து, வசனத்தை மறந்து, போயிற்று. மருந்துக்கடைக்காரர் மகன் வந்தான். “ஹூ! ஹூ!” என்றான். உடனே அந்த வகுப்புப் பிள்ளைகளின் தலைகள் எல்லாம் மேடையை விட்டுவிட்டு ஓரத்துத் திரைப்பக்கம் திரும்பின. இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சின்ன ‘ஹூஹூ’க்கள் கிளம்பின.

“மேடையை விட்டுட்டு அங்க என்னத்தைப் பாக்குதுங்க?” என்றார் நாத்தனார்.

“யாரு நிக்கிறான்னு நீங்களே பாருங்க அண்ணி,” என்றேன் நான்.

திரை ஓரத்தில் தன் முறைக்காக அந்தப் பெண் நின்றிருந்தாள். முகத்தைத் திரையில் மறைத்துக்கொண்டிருந்தாள். நாத்தனார் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

பிறகு அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். வயிற்றிலும் முதுகிலும் தலையணை. கழுத்தில் டேப். நூலால் கட்டிய கண்ணாடி. குனிந்த தலை, வாயைப் பொத்திய கை. இன்னொரு கையால் இரண்டு முட்டியையும் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். “ஏய், வயித்தை உள்ள இழு! ஆடாதே, ஊசி குத்தும்! தக்காளிக்கு எதுக்குடி இடுப்பு?” என்று ஒரு அதட்டல் போட்டாள். அரங்கமே அதிர்ந்தது. கடைசி வரிசைக்காரருக்கும் யாரென்று தெரிந்துவிட்டது. எல்லாரையும்விட நாத்தனார்தான் அதிகமாகச் சிரித்தார். “என்னைத்தான்! என்னையேதான்!” என்று என் தொடையைக் கிள்ளிக் கிள்ளிச் சிவக்கவைத்தார்.

அப்போது அந்தப் பெண் கையை எடுத்துவிட்டு நிமிர்ந்தாள். மேலுதட்டில் கரியால் வரைந்த மீசை.

இந்தச் சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. தலைகள் எல்லாம் திரும்பின. சற்றுமுன் திரைப்பக்கம் திரும்பிய அதே தலைகள். இப்போது முதல் வரிசைக்கு, என் நாத்தனாரின் மேலுதட்டுக்குத் திரும்பின. அவருடைய கை தானாக மேலே போய் வாயை மூடிக்கொண்டது. அங்கே கொஞ்சம் முடி உண்டு. கதவைச் சாத்திக்கொண்டு அவர் நூல் வைத்து எடுப்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு அந்தச் சின்னப் பெண்மேல் கோபம் வந்தது. அப்புறம் சிரிக்கிற அத்தனை பேர்மேலும் வந்தது. எழுந்து நின்று நன்றாகக் கேட்டுவிடலாமா என்றிருந்தது.

வீட்டுக்கு வந்தவர் மிஷினில் துணி வைக்காமலே உட்கார்ந்திருந்தார். குளியலறைக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். சாயங்காலம் திடீரென்று எழுந்து மாடிப்படியில் காலை வைத்தார். முட்டிவலி வந்த பிறகு அவர் அந்தப் படியில் ஏறியதே இல்லை. ஒவ்வொரு படிக்கும் ஒரு வசவு. விழுந்தால் பிடிக்கலாம் என்று நான் பின்னாலேயே ஏறினேன். விழுந்திருந்தால் இரண்டு பேருமாகத்தான் உருண்டிருப்போம்.

கதவைத் திறந்த நர்ஸம்மா பதறிப்போனார். “அக்கா, மன்னிச்சிடுங்க. இவ மீசை வைப்பான்னு சத்தியமா எனக்குத் தெரியாது.”

நாத்தனார் கையால் அதைத் தள்ளிவிட்டு, கட்டிலில் மூச்சு வாங்க உட்கார்ந்தார். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார்.

“நடை சரி. குரலும் சரி. மீசை எதுக்குடி?”

“நீங்கதானே அத்தை சொன்னீங்க, உள்ளதைவிட ஒரு படி கூட்டணும்னு?”

“எனக்கு அவ்வளவா இருக்கு?”

அந்தப் பெண் கிட்டே வந்து, நர்ஸின் மகள் இல்லையா, முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி நிதானமாகப் பார்த்தாள். “இல்ல. கொஞ்சமாத்தான் இருக்கு. நான் வச்சது கரிதான் அத்தை. கழுவினா போயிடும்.”

நர்ஸம்மா சட்டென்று என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

“போகலைடி,” என்றார் நாத்தனார். அவர் குரல் உடைந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். “காலையிலேருந்து நானும் கழுவிக்கிட்டுத்தான் இருக்கேன். போகவே இல்லை.”

பெண்ணை இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டார். முட்டி வலித்திருக்கும். இறக்கிவிடவில்லை.

காட்டுவாசி உடுப்பு இப்போது இல்லை. இலைப் பாவாடையைப் பிரித்து மரம் வேஷத்துக்குத் தைத்துவிட்டார். கரி டப்பாவை நானே குப்பையில் போட்டேன், அந்தச் சந்தோஷத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. ‘ஹூஹூ’ போய்விட்டது. வகுப்பில் இப்போது அந்தப் பெண்ணைச் ‘சின்ன வேஷம்’ என்கிறார்கள். அந்தப் பெயர் பரவாயில்லையா என்று நாத்தனார் அவளையே கேட்டார். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு, என் மகளோடு மாடியில் ரகசியமாகக் கலந்து பேசிவிட்டு வந்து, சரி என்றாள்.

காட்டுவாசி தொங்கிய கம்பியில் இப்போது புதிதாக ஓர் உடுப்பு தொங்குகிறது. இரண்டு தலையணை, டேப், நூல் கட்டிய கண்ணாடி. ‘வேஷம் அத்தை’க்குத்தான் இந்த வருஷம் பிள்ளைகளிடம் அடிதடி. போன வாரம் ஒருத்தி வந்து முக்காலியில் ஏறி நின்றுகொண்டு, “மீசை எங்க?” என்றாள்.

“மீசை வாடகைக்கு இல்லை,” என்றார் நாத்தனார், வாயில் குண்டூசியோடு. “அது வேணும்னா என் எதிர்ல நின்னு, என் மூஞ்சியைப் பாத்து, வச்சுக்கட்டுமான்னு கேளு.”

அவள் நாத்தனாரின் முகத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “வேணாம் அத்தை” என்றாள்.