காலியாக இருந்த கட்டம்

துவாக்குடிப் பக்கம் ஒரு வார்ப்படத் தொழிற்சாலை. அதன் கம்ப்யூட்டர் பிரிவில் லூர்துராணிக்கு 1979-இல் வேலை கிடைத்தது. கிடைத்த விதத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

கணவர் அற்புதசாமி அங்கே ஸ்டோர்ஸில் இருந்தவர். 1977 நவம்பரில் உறையூருக்குள் வெள்ளம் புகுந்த ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு வயதுப் பெண் குழந்தைக்குப் பால்பவுடர் கிடைக்குமா என்று பார்த்துவர சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். மூன்றாம் நாள் சைக்கிள் கிடைத்தது. அவர் கிடைக்கவில்லை.

ஏழு வருஷம் ஆனால் கோர்ட்டில் சொல்லி இறந்ததாக எழுதி வாங்கலாம் என்றார் வக்கீல். ஏழு வருஷம் ஆயிற்று. அவள் போகவில்லை. வற்புறுத்தவும் ஆளில்லை. அவருக்காகக் கம்பெனி இரக்கப்பட்டுக் கொடுத்த வேலைக்குப் போனாள், வந்தாள், பிள்ளையைப் படிக்க வைத்தாள். துக்கம் விசாரிக்க வருவதா வேண்டாமா என்று தெரியாமல் சொந்தக்காரர்கள் வராமலே இருந்துவிட்டார்கள்.

1988-இல் தொழிற்சாலை புது டேட்டாபேஸ் வாங்கியது. பழையதும் விவரங்களை அட்டவணை அட்டவணையாக வைப்பதுதான், புதியதும் அப்படித்தான். ஆனால் பழையதில் எந்தக் கட்டத்தையும் காலியாக விடலாம். புதியதில், காலி கூடாது என்று ஒரு கட்டத்துக்கு விதி வைத்துவிட்டால், அது நிரம்பாத ரெக்கார்டை உள்ளேயே விடாது. இதுவரை வேலை பார்த்தவர்கள், ஓய்வு பெற்றவர்கள் எல்லோருமாக 6,412 ரெக்கார்டுகள். அத்தனையையும் பழையதிலிருந்து புதியதற்கு மாற்ற வேண்டும். மெட்ராஸிலிருந்து ரெங்கராஜ் என்ற இன்ஜினீயர் வந்திருந்தார்.

ஆள் இருக்கிறாரா இல்லையா என்பதற்கு ஒரு கட்டம் உண்டு. 1 என்றால் இருக்கிறார், 2 என்றால் இறந்துவிட்டார். 212 பேருக்கு அது காலியாகக் கிடந்தது. காலியாக இருந்ததால் அவர்கள் வீட்டுக்கு மெடிக்கல் கார்டும் போகவில்லை, ஒரு கடிதமும் போகவில்லை.

"இந்தக் கட்டத்துக்குக் கட்டாயம் விதி வைங்க சார். காலியா விட்டா யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க" என்று மீட்டிங்கில் சொன்னவள் லூர்துராணிதான். 212-இல் ஒன்று எது என்று அப்போதே அவளுக்குத் தெரியும்.

கடிதம் போட்டாள். பதில் வராத வீடுகளுக்கு பஸ் ஏறிப் போனாள். முசிறியில் மாரியாயி என்ற அம்மாள் வாசலிலேயே மறித்தாள்.

"உங்க வீட்டுக்காரர் இருக்காருங்களா?"

"இருக்காரு. இல்லாட்டி காலையில குழம்புச்சட்டிய யாரு தூக்கி எறிஞ்சதுன்னு நினைக்கிறே?"

ஸ்ரீரங்கத்தில், வடக்குச் சித்திரை வீதியில், கதவைத் திறந்த கிழவர் கேள்வியைக் கேட்டுவிட்டுத் தன் மார்பையே தொட்டுப் பார்த்துக்கொண்டார். "பெருமாள் கிருபையில இன்னிக்கு இருக்கேன். சீக்கிரம் எழுதிண்டு போங்கோ."

"லூர்து, நீ நம்ம ஆபீஸ்ல வேலை பாக்குறியா, எமன் ஆபீஸ்லயா?" என்று சிரித்தார் பிரிவு அதிகாரி தைரியராஜ். அவளும் சிரித்தாள். ஐந்து மாதத்தில் 211 கட்டங்கள் நிரம்பின.

மாற்றும் நாள். பழையதிலிருந்து எல்லாம் டேப்பில் இறங்கியது. டேப்பிலிருந்து புதியதில் ஏறியது. மத்தியானம் இரண்டு மணிக்கு பிரிண்டர் கடகடவென்று ஓடி நின்றது. ஏறியவை 6,411. தள்ளப்பட்டது ஒன்று.

தைரியராஜ் தாளைக் கிழித்துப் படித்தார். மடித்து அவள் மேஜையில் வைத்தார். "வாங்கப்பா, டீ சாப்பிட்டு வருவோம்" என்று மற்றவர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு போய்விட்டார். ரெங்கராஜ் மட்டும் நின்றார். கணக்கு ஒத்துப்போனால்தான் அவர் ஊருக்குக் கிளம்ப முடியும்.

"மேடம், இந்த ஒண்ணுக்காக வேணா விதியை எடுத்துடறேன். ஒரே ஒரு வரி அடிச்சா போதும்."

"எடுத்தா?"

"காலியாவே உள்ள போயிடும்."

"நாளைக்கு இன்னொருத்தர் பேரும் அப்படியே போயிடும்ல?"

ரெங்கராஜ் மேஜையிலிருந்த தாளை எடுத்துப் பார்த்தார். "அப்ப இருக்காருன்னு ஒண்ணு போட்டுடுங்க. யாரு கேக்கப் போறா?" என்றார்.

"ஒண்ணு போட்டா மெடிக்கல் கார்டு வரும் சார். ரிடையர் ஆகற தேதியை அதுவே கணக்குப் போட்டு லெட்டர் அடிக்கும். அதையெல்லாம் யாரு வாங்கறது?"

ரெங்கராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அவரும் டீ குடிக்கப் போனார்.

அறையில் ஏ.சி. சத்தம் மட்டும் இருந்தது. அவள் ரெக்கார்டை எடுத்தாள். பெயர், பிறந்த தேதி, சேர்ந்த தேதி, பிரிவு. எல்லாம் சரியாக இருந்தன. 2 அடித்தாள்.

திரை இறந்த தேதியைக் கேட்டது. 2 என்றால் தேதியும் வேண்டும் என்பதும் அவள் வைக்கச் சொன்ன விதிதான். மற்றவர்களுக்கெல்லாம் சான்றிதழைப் பார்த்து அடித்திருந்தாள். இதற்குப் பார்க்க ஒன்றுமில்லை. சைக்கிள் கிடைத்த நாளை நினைத்தாள். ஏழு வருஷம் முடிந்த நாளை நினைத்தாள். பிறகு அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன ஞாயிற்றுக்கிழமையையே, 13-11-77 என்று அடித்தாள். கம்ப்யூட்டர் உடனே ஏற்றுக்கொண்டது. அரை வினாடிகூட ஆகவில்லை.

திரும்பி வந்து எண்ணிப் பார்த்தார்கள். 6,412. ரெங்கராஜ் உரக்கச் சொன்னார். கைதட்டினார்கள். முன்னாலேயே வாங்கி வைத்திருந்த மைசூர்பாகுப் பெட்டியைப் பிரித்தார்கள். அவளுக்கும் ஒரு துண்டு வந்தது. வாங்கித் தின்றாள். இனிப்பாகத்தான் இருந்தது.

ஐந்து மணிக்கு லீவ் படிவம் எழுதித் தைரியராஜின் மேஜையில் வைத்தாள். மூன்று நாள். காரணம்: கணவர் மரணம்.

அவர் படித்தார். பேனாவைத் திறந்தார். அடித்துத் திருத்தச் சொல்வாரோ என்று அவள் நின்றாள்.

"பிள்ளைக்குச் சொல்லிட்டியாம்மா?"

"இனிமேதான் சார்."

"மூணு நாள் போதுமா?"

"போதும் சார்."

தைரியராஜ் கையெழுத்துப் போட்டார். படிவத்தை நீட்டும்போது எழுந்து நின்றுகொண்டார்.